ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் போகும்? ரப்பரும் பிளாஸ்டிக்கும் மூப்படையும் விதம்

மும்பை மாட்டுங்காவில் பார்சல் சாப்பாடு வாங்கினால் சாம்பார்ப் பொட்டலத்தைக் கட்டி வரும் ரப்பர் பேண்டை நம் வீடுகளில் யாரும் தூக்கி எறிவதில்லை. அடுக்களைக் கதவின் கொண்டியில் மாட்டி வைப்போம். சில மாதம் போனால் அது பிசுபிசுக்கும். இன்னும் கொஞ்ச காலம் போனால் காய்ந்து, இழுத்தவுடன் பொடிப்பொடியாக உதிரும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1889இல் ஒரு ரயில் மேம்பாலம் கட்டியபோது, தூண்களுக்கும் பாலத்துக்கும் நடுவே இயற்கை ரப்பர் பட்டைகளை வைத்தார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அவற்றை எடுத்துச் சோதித்தபோது, மேற்பரப்பில் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கெட்டிருந்தது. அதற்கு உள்ளே இருந்தது நல்ல ரப்பர்.

இரண்டும் ரப்பர் மரத்தின் பாலில் பிறந்தவை. இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று. ஒன்று ஒரு வருடம் தாங்கவில்லை, மற்றொன்று நூறு வருடம் தாங்கியது. தயாரிப்பில் சேர்த்த பொருள்களின் தரம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ரப்பர் பேண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவு. பாலத்தின் பட்டையில் கெட்டுப்போனது அந்த அளவு தோல் மட்டுமே. ரப்பர் பேண்டுக்குத் தோலைத் தவிர வேறு உடம்பே கிடையாது.

ரப்பர், பிளாஸ்டிக் போன்ற ஒரு பாலிமர் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்டால், பலரும் வெப்பத்தையும் வருடக்கணக்கையும் மட்டும் பார்ப்பார்கள். ஆக்சிஜன் அதற்குள் எவ்வளவு ஆழம் போக முடிந்தது என்பதையும் பார்க்காவிட்டால் கணக்கு தப்பிவிடும். சில நேரம் பத்து மடங்கு, நூறு மடங்கு தப்பும். அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சங்கிலிக்குள் நடப்பது

பாலிமர் என்பது பல ஆயிரம் அணுக்கள் கோத்த நீளமான சங்கிலி மூலக்கூறு. பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன், இயற்கை ரப்பர் எல்லாவற்றிலும் முதுகெலும்பு கார்பன், அதில் ஒட்டிக்கொண்டிருப்பது ஹைட்ரஜன். வெப்பமோ, வெயிலின் புற ஊதாக் கதிரோ, அணுக்கதிர்வீச்சோ, தயாரிப்பில் தங்கிப்போன உலோகத் துணுக்கோ ஏதாவது ஒன்று ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டால், அந்தக் கார்பன் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும். இதற்கு ராடிக்கல் என்று பெயர். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அதை உடனே பிடித்துக்கொண்டு பெராக்சி ராடிக்கலாக மாறும். பெராக்சி ராடிக்கல் அடுத்த சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடாக அடங்கும். ஆனால் ஹைட்ரஜனை இழந்த அந்த அடுத்த சங்கிலி இப்போது ராடிக்கல் ஆகிவிட்டது. சுற்று மறுபடி தொடங்குகிறது.

இதில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. அடங்கியதாகத் தோன்றிய ஹைட்ரோபெராக்சைடு நிலையான பொருள் அல்ல. வெப்பத்தில் அது உடைந்து புதிய ராடிக்கல்களைத் தரும். ஆகவே ஆக்சிஜனேற்றம் தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும் வினை. நீண்ட காலம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, பிறகு திடீரென்று பொருள் கெட்டுப்போவது இதனால்தான். 1940களில் பிரிட்டனில் ரப்பர் ஆராய்ச்சியில் இருந்த போலண்ட், ஜீ ஆகிய இருவரும் இந்தச் சுற்றைப் படிப்படியாக எழுதிக் காட்டினார்கள். இன்றும் அதே சட்டகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம்.

விளைவு பொருளுக்குப் பொருள் மாறும். பாலிப்ரோப்பிலீனில் சங்கிலிகள் அறுபடுவதே அதிகம். வாளி வளையாமல் உடையும். இயற்கை ரப்பரில் முதலில் அறுபடுதல் மேலோங்கும், அதுதான் பிசுபிசுப்பு. நைட்ரைல் ரப்பர், டயருக்குப் பயன்படும் எஸ்.பி.ஆர். போன்றவற்றில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைந்து இறுகும், பொருள் கல்லாகும். செம்பு இந்த வினையைத் தூண்டும் உலோகம் என்பதால், செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கேபிள் உறைக்குத் தனியாகப் பாதுகாப்பு மருந்து சேர்க்க வேண்டும்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று நாம் சேர்க்கும் பொருள் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து ராடிக்கலை அடக்கும். கொடுக்கக் கொடுக்கத் தானும் தீரும். கடைசி இருப்பு தீர்ந்த பிறகுதான் மேலே சொன்ன திடீர்ச் சரிவு.

இந்தச் சுற்று ஒவ்வொரு முறை சுழலவும் ஆக்சிஜன் வேண்டும். அது வெளியில் காற்றில் இருக்கிறது. சங்கிலிகளோ திடப்பொருளுக்குள் இருக்கின்றன. அப்படியானால் அது உள்ளே வந்து சேர்ந்தாக வேண்டும்.

திடப்பொருளுக்குள் வாயு நுழைவது

கண்ணுக்குத் துளையில்லாத ரப்பருக்குள் வாயு போகும் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். பலூன் ஓரிரு நாளில் சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு வியப்பு இருக்காது. 1866இல் தாமஸ் கிரகாம் இதற்குச் சரியான விளக்கம் தந்தார். வாயு முதலில் ரப்பரின் மேற்பரப்பில் கரைகிறது, பிறகு சங்கிலிகளுக்கு இடையில் நகர்ந்து மறுபக்கம் போகிறது. நகரும் கணக்கை அதற்கு முன்பே, 1855இல், அடால்ஃப் ஃபிக் எழுதியிருந்தார். ஒரு இடத்தில் செறிவு அதிகம், மற்றோர் இடத்தில் குறைவு என்றால், அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு மூலக்கூறுகள் விரவும். வேறுபாடு செங்குத்தாக இருந்தால் வேகமும் அதிகம். எவ்வளவு கரையும் என்பதையும் எவ்வளவு வேகமாக விரவும் என்பதையும் பெருக்கினால் வருவதே ஊடுருவு திறன்.

பொருளுக்குப் பொருள் இந்தத் திறனில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. சிலிக்கோன் ரப்பர் ஆக்சிஜனுக்குத் திறந்த வீடு. இயற்கை ரப்பரைவிட இருபது மடங்குக்கு மேல் உள்ளே விடும். பியூட்டைல் ரப்பரோ இயற்கை ரப்பர் விடுவதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விடும். பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்குகளில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிய படிகப் பகுதிகளும், ஒழுங்கில்லாமல் சுருண்டு கிடக்கும் பகுதிகளும் கலந்திருக்கும். ஆக்சிஜனால் படிகத்துக்குள் போக முடியாது. சுருண்ட பகுதி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகும். படிகம் அதிகமுள்ள அடர் பாலிஎத்திலீன் ஆக்சிஜனைக் குறைவாக விடுவது இதனால்தான்.

நேரக் கணக்கு ஒன்று பார்ப்போம். விரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. இயற்கை ரப்பரில் அறை வெப்பநிலையில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் ஊடுருவ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம்தானே? பிறகு ஏன் மெல்போர்ன் பட்டையின் நடுவில் நூறு வருடம் ஆகியும் ஆக்சிஜன் வேலையைக் காட்டவில்லை? நான் சொன்ன ஒரு வாரக் கணக்கு, வழியில் யாரும் ஆக்சிஜனைப் பிடுங்காவிட்டால் மட்டும் பொருந்தும். உண்மையில் வழி நெடுகப் பசித்த சங்கிலிகள் உட்கார்ந்திருக்கின்றன.

பந்தியின் கடைசி இலை

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாளியில் வடையோடு வாசல் பக்கத்து இலையிலிருந்து தொடங்கி உள்ளே நடக்கிறார். உட்கார்ந்திருப்பவர்கள் நிதானமாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஆளுக்கு ஒன்று போட்டபடி கடைசி இலை வரை போய்விடுவார். வாசல் பக்கத்தில் இருப்பவர்கள் கடும் பசியில் இரண்டு, மூன்று என்று கேட்டு வாங்கினால் பாதி வரிசையிலேயே வாளி காலி. திரும்பிப் போய் நிரப்பி வருவார். மறுபடியும் முன்வரிசையிலேயே தீரும். கடைசி இலையில் இருப்பவருக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வடை இல்லை.

பரிமாறுபவரின் நடை வேகம்தான் விரவல். சாப்பிடுபவர்களின் பசிதான் வினை வேகம். இரண்டும் போட்டி போடுகின்றன. எந்த ஆழத்தில் வாளி காலியாகிறதோ அதுவே ஆக்சிஜன் எட்டும் எல்லை. பொருள் அந்த எல்லையைவிட மெல்லியது என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மூப்படையும். தடிமன் அதிகம் என்றால் ஓரம் மட்டும் கெட்டு நடு தப்பிக்கும். இந்த இரண்டாம் நிலைக்கு, விரவலால் கட்டுப்படும் ஆக்சிஜனேற்றம் என்று பெயர்.

கணக்காகச் சொன்னால், ஊடுருவு திறனை வெளியில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தத்தால் பெருக்கி, பொருள் ஆக்சிஜனைச் செலவழிக்கும் வேகத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அந்த ஆழத்தின் அளவு கிடைக்கும். மெல்போர்ன் பட்டையில் இன்னொன்றும் உதவியது. கெட்டு இறுகிய தோல், கெடாத ரப்பரைவிடக் குறைவாகவே ஆக்சிஜனை உள்ளே விடும். முதலில் கெட்ட பகுதியே பின்னால் இருப்பதற்குக் கவசமாகிவிடுகிறது. மும்பையின் மேம்பாலங்களுக்குக் கீழே போகும்போது அண்ணாந்து பாருங்கள். பலவற்றில் தூணின் தலைக்கும் பாலத்துக்கும் நடுவே கறுப்புப் பட்டை தெரியும். உள்ளே எஃகுத் தகடுகள் அடுக்கிய செயற்கை ரப்பர் அது. இந்தியாவில் இதற்குக் குளோரோப்ரீன் ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். வெளித்தோல் லேசாகக் காய்ந்திருந்தாலும் உடல் பாரம் தாங்குவதற்கு இந்தத் தடிமனும் ஒரு காரணம்.

சூடு ஏற்றினால் என்ன ஆகும்

இந்த விஷயத்தின் மையம் இதுதான். இங்கேதான் அனுபவசாலிகளும் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கசிவைத் தடுக்கும் ஒரு சீல் வளையம் 30 வருடம் தாங்குமா என்று அறிய யாரும் 30 வருடம் காத்திருக்க முடியாது. மும்பையை அடுத்த தானே–பேலாபூர் சாலைப் பக்கம் உள்ள எந்த ரப்பர் தொழிற்கூடத்துக்குப் போனாலும் ஒரு சூட்டடுப்பு இருக்கும். மாதிரியை 70, 100, 110 டிகிரியில் சில நாள் முதல் சில வாரம் வரை வைத்து எடுத்து, இழுத்துப் பார்த்து, அதிலிருந்து சாதாரண வெப்பநிலையில் ஆயுள் இவ்வளவு என்று கணிப்பார்கள். பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்கு என்ற தோராய விதியும், வெப்பநிலை ஏறினால் வினை எவ்வளவு வேகமாகும் என்பதற்கு 1889இல் அர்ரேனியஸ் தந்த சமன்பாடும் இதற்குத் துணை.

அந்தச் சமன்பாட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஆக்சிஜனேற்றத்தின் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை; இது பெரிதாக இருந்தால் வெப்பம் ஏறும்போது வேகமும் அதிகம் கூடும்) ஒரு மோலுக்கு 100 கிலோஜூல் என்றும், ஊடுருவலுக்கு 40 கிலோஜூல் என்றும் வைத்துக்கொள்வோம். பல ரப்பர்களில் மதிப்புகள் ஏறக்குறைய இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். மும்பையின் சாதாரண 30 டிகிரியிலிருந்து அடுப்பின் 110 டிகிரிக்குப் போகும்போது வினை வேகம் சுமார் 4,000 மடங்கு கூடுகிறது. ஊடுருவலோ சுமார் 27 மடங்குதான் கூடுகிறது. பசி 4,000 மடங்கு, நடை 27 மடங்கு. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஆக்சிஜன் எட்டும் ஆழம் 12 மடங்கு குறைந்துவிடுகிறது.

30 டிகிரியில் அந்த ஆழம் ஒரு சென்டிமீட்டர் என்றால், 110 டிகிரியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சூழலில் அதன் நடுப்பகுதிக்கும் ஆக்சிஜன் தாராளமாகப் போகும். பல வருடங்களில் முழுத் தகடும் சீராக மூப்படையும். அடுப்பிலோ இரு பக்கமும் ஓரம் கருகி இறுகும். நடுவில் ஒரு பட்டைக்கு ஆக்சிஜனே கிடைக்காது. அடுப்பு செய்தது காலத்தை வேகப்படுத்திய காரியம் அல்ல. வேறொரு விதமான மூப்பையே அது உண்டாக்கிவிட்டது. அந்த முடிவை வைத்துப் போட்ட ஆயுள் கணக்கு நிஜத்தைவிட அதிகமாக வரக்கூடும். பாதுகாப்பு சார்ந்த பாகத்தில் இது ஆபத்தான திசை.

எந்தச் சோதனை எவ்வளவு ஏமாற்றும் என்பதும் ஒரே மாதிரி இல்லை. இழுவலிமை என்பது முழுக் குறுக்குவெட்டும் சேர்ந்து தாங்கும் சுமை. நடுப்பகுதி நன்றாக இருந்தால் எண் நன்றாகவே வரும். அறும் வரை எவ்வளவு நீள்கிறது என்ற அளவு வேறு கதை. இறுகிய தோலில் முதல் விரிசல் விழுந்தால், அது நல்ல நடுப்பகுதிக்குள்ளும் ஓடி மாதிரியையே அறுத்துவிடும். ஆகவே நீட்சி பெரும்பாலும் தோலின் நிலையைச் சொல்லும்; பல ரப்பர்களில் அடுப்பில் வைத்த மாதிரியிலும் ஓரளவு நம்பகமாகவே இருக்கும். சீல் வளையம் எவ்வளவு விசையோடு எதிர்த்து அழுத்துகிறது என்ற அளவு முழு உடலையும் சார்ந்தது என்பதால் அங்கே ஏமாற்றம் அதிகம்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கியதில் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த கென்னத் கில்லன், ரோஜர் கிளஃப் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. அணுமின் நிலையக் கேபிள்களை ஆராயும்போது இதில் இறங்கினார்கள். தென் கரோலினாவின் சவானா ரிவர் அணு உலை ஒன்றில் 12 வருடம் இருந்த கேபிள் உறை, அது வாங்கிய கதிர்வீச்சு அளவுக்குப் பொருந்தாத வகையில் மோசமாக நொறுங்கியிருந்தது. அதே மொத்தக் கதிர்வீச்சை ஆய்வகத்தில் சில நாள்களில் வேகமாகக் கொடுத்தால் அவ்வளவு சேதம் வருவதில்லை. மெதுவாக வரும் கதிர்வீச்சில் ராடிக்கல்கள் மெதுவாகப் பிறக்கின்றன. ஆக்சிஜன் உள்ளே போய் ஒவ்வொன்றையும் பிடிக்கவும், ஹைட்ரோபெராக்சைடுகள் உடைந்து மறுசுற்றைத் தொடங்கவும் அவகாசம் இருக்கிறது. வேகமாகக் கொடுத்தால் அந்த அவகாசம் இல்லை. மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969இல் மின் உற்பத்தி தொடங்கிய நிலையம் போன்ற இடங்களில், நீண்ட காலம் இருக்கப்போகும் கேபிள்களைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தப் பாடத்தைத் தவிர்க்கவே முடியாது.

சரி, சோதனையை எப்படித்தான் செய்வது? வெப்பத்தைக் குறைத்து நாள்களைக் கூட்டலாம். மாதிரியை மெல்லியதாக வெட்டலாம். அல்லது ஆக்சிஜனின் அழுத்தத்தை ஏற்றலாம். ரப்பர் துறையில் நீண்ட காலமாக இருக்கும் ஆக்சிஜன் பாம் சோதனை (பாம் என்பது இங்கே அழுத்தம் தாங்கும் மூடிய கலம்) இந்த மூன்றாம் வழிக்கு நெருக்கமானது. 70 டிகிரி வெப்பம், வளிமண்டலத்தைப்போல் இருபது மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான் என்பதால், இங்கே ஆக்சிஜனின் அழுத்தம் சாதாரணத்தைப்போல் சுமார் நூறு மடங்கு.

இவை எல்லாவற்றையும்விட எளிய ஒரு காரியத்தை நான் வற்புறுத்துவேன். அடுப்பிலிருந்து எடுத்த மாதிரியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடு வரை நுண்ணிய ஊசியால் அழுத்திக் கடினத்தை அளக்கும் கருவிகள் உண்டு. அகச்சிவப்பு நிறமாலையில் 1,715 என்ற அலை எண்ணுக்கு அருகே எழும், ஆக்சிஜன் சேர்ந்ததைக் காட்டும் கார்பனைல் முகட்டை ஆழத்துக்கு ஆழம் ஒப்பிடலாம். இரண்டும் இல்லையென்றால் கூர்மையான பிளேடும் விரல் நகமும் போதும், ஓரமும் நடுவும் ஒன்றா என்று தெரிந்துவிடும். ஒன்றில்லை என்றால் அந்த அறிக்கையின் ஆயுள் கணக்கை நம்பக்கூடாது.

டயரில் ஆக்சிஜன் வரும் திசை

டயருக்கு வெளியே இருக்கும் காற்றைத்தான் நாம் நினைப்போம். ஆனால் கார் டயரின் உள்ளே காற்று அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. வெளிக்காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் உள்ளே வளிமண்டலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம்; ஆக்சிஜனின் அழுத்தமும் அதே விகிதத்தில் அதிகம். எனவே ஆக்சிஜன் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. வழியில், டயருக்குள் புதைத்திருக்கும் எஃகு வார்களின் ஓரத்தை மூடியிருக்கும் ரப்பரைத் தாண்டிப் போகிறது. டயர் ஓடும்போது அதிகம் சூடாகும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ரப்பர் இறுகி விரிசல் விட்டால், வேகமாக ஓடும்போது மேல் பட்டை கழன்று வரலாம். வெளியே பள்ளம் ஆழமாக இருக்கும், பார்க்கப் புது டயர்போல் இருக்கும், உள்ளே கதை முடிந்திருக்கும்.

இதைத் தடுக்கத்தான் டியூப் இல்லாத டயரின் உட்சுவரில் பியூட்டைல் வகை ரப்பரை ஒரு படலமாக ஒட்டுகிறார்கள். காற்று இறங்காமல் பிடிப்பது அதன் முதல் வேலை. ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி டயரின் ஆயுளைக் காப்பது அதே அளவு முக்கியமான இரண்டாம் வேலை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு டயர் மூப்பை ஆராய்ந்தபோது உருவான சோதனை முறை, இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன் கலவையை டயருக்குள் அடைத்து, 65 டிகிரியில் மட்டும் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். வெப்பத்தை அதிகம் ஏற்றினால் ஆக்சிஜன் வார் ஓரம் வரை போய்ச் சேராது. அதனால் வெப்பத்தை அடக்கி, ஆக்சிஜனைக் கூட்டினார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. வண்டி அதிகம் ஓடாமல் நிறுத்தியே இருந்தது என்பது டயரைப் பொறுத்தவரை முழு ஆறுதல் அல்ல. நிற்கும் டயருக்குள்ளும் ஆக்சிஜன் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் மேலாகத் தெரியும் நுண்விரிசல்கள் பெரும்பாலும் ஓசோனின் வேலை. ஓசோன் மேற்பரப்பிலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும், அது தனிக் கதை.

இடுப்பு மூட்டு

மனித உடலுக்குள்ளும் இதே பாடம் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் மிக நீண்ட சங்கிலி கொண்ட பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். பின்னாளில் அந்தக் கிண்ணங்களைக் கிருமிநீக்கக் காமா கதிர் கொடுத்து, சாதாரணக் காற்று உள்ள உறையிலேயே அடைத்து வைத்தார்கள். கதிரில் பிறந்த ராடிக்கல்கள் படிகப் பகுதிகளுக்குள் சிக்கி நீண்ட காலம் உயிரோடு இருந்தன. உறைக்குள் இருந்த ஆக்சிஜன் மெல்ல உள்ளே விரவியது. அலமாரியில் காத்திருந்த காலத்திலேயே, நோயாளியின் உடலுக்குள் போகும் முன்பே, பொருள் மூப்படையத் தொடங்கிவிட்டது. வெட்டிப் பார்த்தபோது, மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று தெரிந்தது. ஆக்சிஜனேற்றம் உச்சத்தில் இருந்த இடம் அது. மேலே தொட்டுப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

1990களில் நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ அடைக்கும் முறை வந்தது. அதற்குப் பிறகு வைட்டமின் ஈ கலந்த பாலிஎத்திலீன் வந்தது. நம் உடலில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் அதே பொருள் பிளாஸ்டிக்கிலும் ராடிக்கலை அடக்குகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் மனநிறைவு தரும் தீர்வு இது.

தாராவியிலும் வீட்டிலும்

தாராவியில் பழைய பிளாஸ்டிக் பிரிப்பவர்கள் ஒரு துண்டை எடுத்தால் வளைத்துப் பார்ப்பார்கள், ஓசை கேட்பார்கள், கொளுத்தி மணம் பார்ப்பார்கள், தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மொட்டைமாடியில் கிடந்த வாளியைச் சுரண்டினால் வெளியே வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிரும், உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். இங்கே ஆக்சிஜனோடு வெளிச்சமும் சேர்ந்து எல்லை போடுகிறது. நிறமூட்டிய பிளாஸ்டிக்கில் புற ஊதாக் கதிர் ஆழமாகப் போகாது. மழைக்காலத்தில் கூரைகளின் மேல் விரிக்கும் நீலத் தார்ப்பாய்க்கு இந்தச் சலுகை இல்லை. அதன் இழை அவ்வளவு மெல்லியது என்பதால் வெளிச்சமும் ஆக்சிஜனும் முழு இழைக்கும் எட்டும். ஓரிரு கோடையில் நார்நாராகப் போகும். கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் கறுப்புக் குழாயும் வெயிலில் நிலைப்பதற்கு அவற்றில் சேர்க்கும் கார்பன் கரி காரணம். பாலிஎத்திலீன் குடிநீர்க் குழாய்களில் அது 2 முதல் 3 விழுக்காடு இருக்கும்.

மறுசுழற்சியில் உருக்கும்போது அந்த வெளுத்த தோலும் நல்ல உள்பகுதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தோலில் இருந்த ஹைட்ரோபெராக்சைடுகள் இப்போது முழுப் பொருளிலும் பரவிவிடும், தடுப்பானும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்படி உருக்கிச் செய்த பிளாஸ்டிக் மணிகளில் புதிதாகத் தடுப்பான் சேர்க்காமல் செய்த வாளி சீக்கிரம் உடைவது உழைப்பாளிகளின் குறை அல்ல. கொஞ்சம் தடுப்பான் சேர்த்தால் அதே மணி நல்ல பொருளாகும். அந்தச் செலவை ஏற்க வாங்குபவர்கள் முன்வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர்க் குழாய். அதன் உள்ளே எரிவாயு, ஆக்சிஜன் கிடையாது. ஆகவே ஆக்சிஜனேற்றம் வெளிப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும், அடுப்பின் சூடு படும் முனையில் வேகமாக. குழாயை அங்கே லேசாக வளைத்துப் பார்த்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியும். உள்பக்கத்தை எரிவாயுவே வேறு விதத்தில் பாதிக்கும், அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. எஃகுக் கம்பி வலுவூட்டிய பாதுகாப்புக் குழாய்க்கு ஐந்து வருடம் என்று கெடு வைத்திருக்கிறார்கள், தேதி குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். விரிசல் தெரிந்தால் தேதிக்கு முன்பே மாற்றுங்கள். தேதி தாண்டியிருந்தால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள்.